கடனும் கோதாவும்: தொழில்முறை மல்லரிடையே மூத்தோர் – புதியோர் உறவு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

2017ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, காமன் கூத்துப் பாடல்கள் சிலவற்றைக் கேட்டுப் பதிவு செய்யும் நோக்குடன் கொஸ்லந்தைப் பகுதிக்குச் சென்றிருந்தேன். மீரியபெத்த தோட்டத்து லயங்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29 காலையில். உயிர் தப்பிய குடும்பங்களிற் பல, நான் சென்றபோது மாகல்தெனியவிற் கட்டிக் கொடுக்கப்பட்ட புதிய வீடுகளிலே குடியேறியிருந்தன. அவ்வீடுகளுள் ஒன்றிலே, கவ்வாத்து வெட்டி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரும் அவருடைய பேரனும் தொலைக்காட்சியில் அமெரிக்க மல்யுத்தக் காட்சியொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தனர். வந்து சில மாதங்களேயான இளைஞன் ஒருவனுக்குச் சாம்பியன் பட்டம் கிடைத்தது. முதியவருக்கு அது பொறுக்கவில்லை.

"நேத்து வந்த பயலுக்கா பெல்ட்டு? யாருக்காச்சும் பொட்டி தூக்கியிருப்பானா? அடி வாங்கியிருப்பானா?" என்றார்.

"நீங்க முப்பது வருசம் கவ்வாத்து வெட்டுனீங்களே தாத்தா, ஒங்களுக்கு யாரு பெல்ட்டு குடுத்தா?" என்றான் பேரன்.

பாடல் சேகரிக்கச் சென்ற எனக்கு அன்று பாடல்களிலும் இவ்வுரையாடலே மனத்தில் தங்கிற்று. தொழிலுக்குப் புதிதாக வருபவன், மூத்தோர் பட்டதைத் தானும் பட்டே மேலே வரவேண்டும் என்னும் கருத்து மல்லரிடையே மிக வலுவானது. அமெரிக்க மல்லர் இதனைக் கடன் தீர்த்தல் என்ற பொருளிலேயே வழங்குவர். மல்யுத்தம் ஒரு பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க ஏட்டில் ஆராய்வதற்குரிய பொருளா எனச் சிலர் வினவலாம். உடலன்றி வேறு உடைமை எதுவுமற்றவர், அவ்வுடலை எவ்வாறு விற்கின்றனர், எவருக்கு விற்கின்றனர், விற்பதற்கு முன் எதனைச் செலுத்துகின்றனர் என்பன இலக்கிய மாணவனுக்கும் புறம்பான வினாக்களல்ல என்பது எமது துணிபு. அன்றியும், கடன் என்னும் சொல்லே தமிழிலே கடமையையும் குறிப்பது. திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளையும் குறிப்பது. இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று மயங்கும் இடத்திலேதான் எமது பிரச்சினை பிறக்கின்றது.

தமிழிலே மற்போர் பற்றிய பழைய சான்றுகளுள் தலையாயது புறநானூற்றின் 80ஆம் பாட்டு. சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி, முக்காவனாட்டு ஆமூர் மல்லனைப் பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடியது. தந்தையாகிய தித்தனோடு பகைத்துப் பிரிந்திருந்த கிள்ளியின் வெற்றியை அத்தந்தை காணவேண்டுமே என்னும் ஏக்கம் அப்பாட்டின் உயிர்நிலை. உரையாசிரியரும் திறனாய்வாளரும் வென்றவனைப் பற்றியே பேசினர். தோற்றவனுக்கோ பெயரில்லை, ஊர் மட்டுமே உண்டு. ஆமூரில் மற்போருக்குப் பேர்பெற்று நின்றவன் அவன் என்பதும், அவனை வீழ்த்தியதாலேயே வந்தவனின் புகழ் நிறுவப்பட்டது என்பதும் வெளிப்படை. வந்தவன் அரசகுலத்தவன், எவருக்கும் பணிவிடை செய்து காத்திருக்கவில்லை. நேரே களத்தில் இறங்கினான். கடன் தீர்க்கும் நெறி எல்லோருக்கும் பொதுவானதன்று என்பதற்கு இஃது ஒரு முற்பட்ட எடுத்துக்காட்டு.

12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கியனான மூன்றாம் சோமேசுவரன் பெயரில் எழுந்த மானசோல்லாசம், மல்லரை வயதும் ஆற்றலும் நோக்கி வகைப்படுத்துகின்றது. அவர்தம் உணவு, பயிற்சி பற்றியும் விரித்துரைக்கின்றது. அரண்மனை ஊட்டி வளர்க்கும் தொழிலாளனாக மல்லன் ஆகிவிட்டமையை அந்நூல் காட்டுகின்றது. பிற்காலத்து அகாராக்களிலே இவ்வுறவு வஸ்தாது – சீடன் உறவாக உருப்பெற்றது. (தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, கோதா, குஸ்தி, வஸ்தாது எனத் தமிழர் உடற்பயிற்சிச் சொற்களிற் பெரும்பாலானவை வடக்கிலிருந்து வந்தமை, கலை எவ்வழியாகப் பயணஞ் செய்தது என்பதைச் சொல்லும்; தனியே ஆராயத்தக்கது.) புதிதாகச் சேர்ந்த சீடன் கோதா மண்ணைக் கிளறிப் பண்படுத்துவான், நீர் சுமப்பான், வஸ்தாதின் உடம்பைப் பிடித்துவிடுவான். காசி அகாராக்களிலே வாழ்ந்து ஆராய்ந்த மானிடவியலாளர் ஜோசப் ஆல்ட்டர் 1992இல் வெளியிட்ட நூலிலே, இப்பணிகள் இழிவாகக் கருதப்படாது பயிற்சியின் கூறாகவே கொள்ளப்பட்டமையை விளக்கியுள்ளார்.

இதிலே உண்மை உண்டு. மற்போரிலே ஒருவன் தன் கழுத்தையும் முதுகெலும்பையும் மற்றவன் கையில் ஒப்படைக்கின்றான். பழகாத கை முடமாக்கிவிடும். கவ்வாத்துக் கத்தியும் அத்தகையதே. வெட்டு பிழைத்தால் செடி பட்டுப்போகும். எனவே கற்றுக்கொள்ளாமல் களத்துக்கு வராதே என்று மூத்தவன் சொல்வதை வெறும் பொறாமை எனத் தள்ளிவிடல் ஆகாது. அவன் கொடுப்பது திறன், பெறுவது பணிவிடை. ஆயினும் இக்கொடுக்கல் வாங்கலுக்கு வெளியே மூன்றாமவன் ஒருவன் இருந்தான் என்பதை மறத்தலுமாகாது. வஸ்தாதும் சீடனும் அருந்திய பாலும் நெய்யும் வாதுமையும் சமஸ்தானத்துக் களஞ்சியத்திலிருந்து வந்தன. களஞ்சியம் குடியானவனின் வரியால் நிரம்பிற்று. நிலமானிய அமைப்பின் உபரியே மல்லனின் புயமாகத் திரண்டது எனலாம்.

காமா எனப் புகழ்பெற்ற குலாம் முகம்மதுவின் வாழ்க்கை இவ்வமைப்பின் உச்சத்தையும் வீழ்ச்சியையும் ஒருங்கே காட்டுவது. பத்து வயதளவிலே ஜோத்பூர் அரசர் நடத்திய உடற்பயிற்சிப் போட்டியில், வளர்ந்த மல்லர் நூற்றுக்கணக்கானோரிடையே இறுதிவரை தாக்குப்பிடித்த சிலருள் ஒருவனாக நின்று பரிசு பெற்றார். பின்னர் ததியா சமஸ்தானம் அவரை ஆதரித்தது. அக்காலத்து மூத்த மல்லர் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா. ஏறத்தாழ ஏழடி உயரம். காமாவோ ஐந்தடி ஏழங்குலம். இருவரும் பொருத போட்டிகள் வெற்றி தோல்வியின்றியே முடிந்தன. பல ஆண்டுகளின் பின் அலகாபாத்திலேதான் காமா வென்றார். இங்கு மூத்தவர் புதியவரை வாசலில் நிறுத்தவில்லை, களத்திலே நிறுத்தினார். புதியவரும் மூத்தவரின் பெட்டியைத் தூக்கி இடம்பிடிக்கவில்லை. வென்ற பின்னரும், தம்மோடு பொருதோருள் ரஹீமையே வலியவர் எனக் காமா மதித்தார் என்பர். மூத்தோருக்குரிய கடன் என்று ஒன்று உண்டெனில், இந்த மதிப்பினும் தூய வடிவம் அதற்கு இருக்கமுடியுமா என்பது ஐயமே.

ஆனால் 1910இல் காமா இலண்டன் சென்றபோது அவரிடம் கேட்கப்பட்ட கடன் வேறு வகையானது. வங்காளச் செல்வர் சரத்குமார் மித்ராவின் பொருளுதவியோடு சென்றவரை, உயரம் போதாதெனப் போட்டியிற் சேர்க்க மறுத்தனர். எவரையும் முப்பது நிமிடத்துள் வீழ்த்துவேன் என அறைகூவி, அமெரிக்கரான பெஞ்சமின் ரோலரை வென்ற பிறகே வாசல் திறந்தது. செப்டெம்பர் 10ஆந் திகதி போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவுடன் நிகழ்ந்த போட்டி மூன்று மணித்தியாலத்தை அண்மித்தது. ஸ்பிஸ்கோ பெரும்பொழுதும் தரையோடு ஒட்டிக் கிடந்தார். ஒரு வாரத்தின் பின் நிகழவிருந்த மறுபோட்டிக்கு அவர் வரவேயில்லை, பட்டம் காமாவுக்காயிற்று. அக்காலத்து உலகச் சாம்பியன் எனப் போற்றப்பட்ட அமெரிக்கர் பிராங் கோச் காமாவுடன் ஒருபோதும் பொருதவில்லை. பேரரசின் தலைநகரிலே, குடியேற்ற நாட்டு மல்லன் எவ்வளவு செலுத்தினாலும் தீராத கடன் ஒன்று இருந்தது. (1928இல் பட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோவைக் காமா ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தினார் என்பதையும் சொல்லாது விட மனமில்லை.) சமஸ்தானங்கள் மறைந்ததும் மல்லரின் ஆதரவும் மறைந்தது. 1960இல் லாகூரில் இறந்த காமாவின் கடைசி ஆண்டுகள் நோயிலும் வறுமையிலும் கழிந்தன.

வாசல் முற்றாகவே அடைக்கப்பட்டோரும் இருந்தனர். 1954இல் பரோடாவுக்கு வந்த ஹமீதா பானுவுடன் பொருதற்கு, முன்னர் இசைந்திருந்த மல்லர் ஒருவர் பெண்ணோடு மோதமாட்டேன் என விலகிக்கொண்டார். பின்னர் வந்தவரை ஹமீதா இரண்டு நிமிடத்துள் வீழ்த்தினார். கடன் தீர்த்தால் உள்ளே வரலாம் என்னும் நெறி, எவருடைய நாணயம் செல்லுபடியாகும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றது.

முதலாளித்துவம் இவ்வுறவிலே புகுத்திய மாற்றம் யாது? சமஸ்தான மல்லன் வெல்வதற்காக ஊட்டப்பட்டான். நுழைவுச்சீட்டு விற்கும் காட்சியின் மல்லன், தோற்பதற்காகவும் கூலி பெறுகின்றான். தொழில்முறை மல்யுத்தத்தின் முடிவுகள் முன்கூட்டியே வகுக்கப்படுவன என்பது இன்று மறைபொருளன்று. 1989இல் அமெரிக்காவின் முதன்மையான மல்யுத்த நிறுவனமே நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன் இது போட்டி விளையாட்டன்று, கேளிக்கை என ஒப்புக்கொண்டது. இத்தகைய அமைப்பிலே புதியவன் செலுத்தவேண்டிய கடன், பெயர்பெற்றவர்களுக்கு இரவுதோறும் தோற்றுக் கொடுத்தலே. எத்தனை ஆண்டு தோற்பது என்பதை மூத்த மல்லன் தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பவன் காட்சி நடத்துபவன்.

1948இல் ஐக்கிய அமெரிக்காவின் காட்சி நடத்துநர் பலர் தேசிய மல்யுத்தக் கூட்டிணைப்பை அமைத்தனர். நாடு ஆள்புலங்களாகப் பங்கிடப்பட்டது. ஒருவரின் ஆள்புலத்தில் முரண்டு பிடித்த மல்லனுக்கு மற்றவரின் ஆள்புலத்திலும் வேலை கிடையாது. 1956இல் அந்நாட்டு நீதித் திணைக்களம் இதனை ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்து இணக்கக் கட்டளை ஒன்றைப் பெறும் அளவுக்கு இக்கட்டுப்பாடு இறுகியிருந்தது.

மலையக வரலாறு அறிந்த வாசகருக்கு இவ்விடத்திலே ஒரு சொல் நினைவுக்கு வரும்: துண்டு. தோட்டத்துக்குப் புதிதாக வந்த ஆள் கூலியோடு வரவில்லை, கடனோடு வந்தான். வழிச்செலவும் முற்பணமும் அவன் பேரில் எழுதப்பட்டன. எவ்வளவு எழுதப்பட்டது என்பதைப் பெரும்பாலும் அவன் அறியான். வேறு தோட்டம் செல்ல விரும்பினால், இன்ன தொகையைச் செலுத்தினால் இவ்வாளை விடுவிப்போம் எனத் துரை எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும். கடன் மாத்திரம் ஆளைத் தொடர்ந்து போகும். 1921இல் சட்டத்தால் இம்முறை ஒழிக்கப்படும் வரை, பழைய ஆள் புது ஆளுக்குச் சொல்லக்கூடிய அறிவுரை ஒன்றே: நாங்களும் இப்படித்தான் வந்தோம்.

இவ்விரு அமைப்புகளுக்கும் பொதுவான பாத்திரம் ஒன்று உண்டு. அவன் இடையாள். கங்காணி வானத்திலிருந்து குதித்தவனல்லன். தொழிலாளருள் ஒருவனாக இருந்து, தன் உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்து, சில்லறைக் கங்காணியாகி, பெரிய கங்காணியானவன் பலர். தான் பட்ட பாட்டை முதலாக்கிப் பிறர்மேல் வட்டி வாங்கியவன். மல்லரிடையே இதன் மிகத் துலக்கமான வடிவத்தை யப்பானிய தொழில்முறை மல்யுத்தத்தின் தந்தையெனப்படும் ரிக்கிடோசனிடம் காணலாம். கொரியாவிற் பிறந்தவர், சுமோக் கூடத்தின் கடுமையான படிநிலையிலே வளர்ந்தவர், 1950இல் அதனை உதறிவிட்டு வெளியேறியவர். பின்னர் தாமே மல்யுத்த நிறுவனம் தொடங்கியபோது, தாம் உதறிய படிநிலையையே அங்கும் நிறுவினார். மூத்தவரின் துணி துவைத்தலும் பெட்டி சுமத்தலும் ஏச்சும் அடியும் புதியவர் கடனாயின.

ரிக்கிடோசன் 1960இல் பிரேசிலிலிருந்து அழைத்துவந்த இளைஞர் அன்ரோனியோ இனோக்கி. அவருடைய குடும்பம் யப்பானிலிருந்து பிரேசிலுக்குப் புலம்பெயர்ந்து கோப்பித் தோட்டத்திலே உழைத்தது. அதே காலத்தில் வந்துசேர்ந்தவர் பேஸ்போல் ஆட்டக்காரராக ஏற்கெனவே அறியப்பட்டிருந்த ஜயன்ற் பாபா. 1960 செப்டெம்பர் 30ஆந் திகதி ஒரே நாளில் இருவரும் களமிறங்கினர். பாபா வென்றார், இனோக்கி தோற்றார். தொடர்ந்து இனோக்கி ரிக்கிடோசனின் ஏவலாளாக இருந்து அடியும் அவமதிப்பும் பட, பாபாவுக்கு விரைவிலே அமெரிக்கப் பயணம் கிட்டியது. ஒரே நாளில் வந்த இருவருக்கு ஒரே கடன் விதிக்கப்படவில்லை. முன்னரே சந்தை மதிப்புள்ளவனுக்குத் தள்ளுபடி. தோட்டத்திலிருந்து வந்தவனுக்கு முழுத்தொகை.

தாராசிங்கை முதியவர் அறிந்திருந்தார். அனுமனாக நடித்தவர் என்றே அறிந்திருந்தார். பஞ்சாபிலிருந்து 1947 அளவிலே சிங்கப்பூர் சென்று, பீப்பாய் செய்யும் ஆலையொன்றிலே தொழிலாளியாக இருந்துகொண்டு, கிரேட் வேர்ல்ட் அரங்கிலே ஹர்னாம் சிங் என்னும் வஸ்தாதிடம் மற்பயிற்சி பெற்றவர் அவர் என்று நான் சொன்னபோது, "அப்ப அவரும் நம்மள மாதிரி கடல் தாண்டிப் போன ஆளு" என்றார். உலக மல்லர் வரலாற்றை இவ்வளவு சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை. கிங் காங் எனப்பட்ட ஹங்கேரிய மல்லர் எமில் சாயாவும் தாராசிங்கும் நகரந்தோறும் மோதினர். ஒருவர் வென்ற பின்னும் மறுபடி மறுபடி மோதவேண்டியிருந்தது; ஏனெனில் விற்கப்பட்டது வெற்றியன்று, மோதல். 1968இல் பம்பாயிலே அமெரிக்கரான லூ தெஸ்ஸைத் தாராசிங் வென்றபோது தெஸ் ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். அவ்வயதிலும் மூத்த மல்லன் களத்தை விட்டு விலகாதிருத்தலைக் கலைமேலுள்ள காதல் எனப் புகழ்வோர் உளர். ஓய்வூதியமற்ற தொழிலிலே காதலையும் தேவையையும் பிரித்தறிவது கடினம்.

மூத்தோர் புதியோரிடம் கடன் கேட்பதன் காரணமும் இதுவே. அவர்கள் செலுத்தியது திரும்பி வரவில்லை. வாங்கியவனிடம் கேட்க இயலாதபோது, பின்னால் வருபவனிடம் கேட்கின்றனர். அமெரிக்க மல்லர் நெடுங்காலமாக ஊழியராக அன்றி, தனி ஒப்பந்தக்காரராகவே நடத்தப்பட்டு வந்தனர். உடைந்த எலும்பு அவரவர் சொந்தச் செலவு. 1986இல் ஜெஸ்ஸி வென்ருரா என்னும் மல்லர், உடைமாற்றும் அறையிலே சக மல்லரைக் கூட்டித் தொழிற்சங்கம் அமைக்கவேண்டும் என்று பேசினார். பேச்சு உடனே முதலாளியை எட்டியது. சொன்னவர் யார் என்பதை வென்ருரா பல ஆண்டுகளின் பின், தமக்குரிய பங்குத்தொகை கோரித் தொடுத்த வழக்கின் விசாரணையிலே அறிந்தார். அக்காலத்தின் மிகப் பெரிய நட்சத்திரமான ஹல்க் ஹோகன்! தமது முதற் பயிற்சியின்போது பயிற்சியாளர் தம் காலை முறித்தார் என்றும், அதுவே தாம் செலுத்திய கடன் என்றும் பெருமையோடு சொல்லிவந்தவர் அவரே. முறிந்த காலுக்குக் கணக்கு வைத்திருந்தவர், கூட்டாக எழ முயன்றபோது எப்பக்கம் நின்றார் என்பது நோக்கற்பாலது. கடன் தீர்த்தவன் ஒழுக்கத்தில் உயர்ந்துவிடுகின்றான் என்னும் நம்பிக்கைக்கு இதனிலும் பெரிய மறுப்பு வேண்டியதில்லை.

ஊவாவிலே வேறொரு முன்னுதாரணம் இருக்கின்றது. 1940இல் இலங்கைத் தோட்டப்புறங்களிற் பரவிய வேலைநிறுத்த அலையின்போது, பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தமக்கெனத் தெரிவு செய்யப்பட்ட குழு ஒன்றை அமைத்தனர். அக்குழுவோடு கலந்தே நடப்பதாகத் துரை இசைந்தார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதந் தாங்கிய பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். பின்னர் பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் துண்டித்த வெள்ளமும் அவ்வெழுச்சியைத் தணித்தன. சமசமாஜக் கட்சியின் வரலாற்றிலே பெருமையோடு குறிக்கப்படும் நிகழ்ச்சி இது. எமக்கு இங்கு வேண்டியது அதன் ஒரு கூறே: குழுவைத் தெரிவு செய்தல் என்பது, பழைய ஆளுக்கும் புது ஆளுக்கும் இடையிலுள்ள கணக்கைக் கங்காணியின் கையிலிருந்து எடுத்துவிடுதல். முழுப் பேரா அரைப் பேரா, எந்த நிரை யாருக்கு என்பன அதன்பின் இடையாளின் தயவல்ல. தொழில்முறை மல்லர் அத்தகைய குழு ஒன்றை அமைத்து நிலைநிறுத்தினர் என்பதற்கு அமெரிக்க வரலாற்றில் நாம் சான்று காணவில்லை.

மாகல்தெனியவிலிருந்து புறப்படுமுன் பேரனைப் பற்றி விசாரித்தேன். தோட்டத்திலே பேர் பதிய அவன் விரும்பவில்லை. கொழும்பிலே ஒரு கடைக்குப் போகவிருந்தான். முதல் மூன்று மாதம் சாப்பாடும் தங்குமிடமும் மட்டும், தொழில் பழகிய பிறகே சம்பளம் என்று பேசியிருந்தார்களாம். சற்று முன்னர்வரை கடன் தீர்க்காத மல்லனைத் திட்டிக்கொண்டிருந்த முதியவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"மூணு மாசம் சும்மா வேலை வாங்குவானா அந்த மொதலாளி? நீ போக வேணாம்யா" என்றார்.